வார்னிஷ் பொட்டு

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். தையல் மெஷினின் கால்மிதியையும் பழைய சைக்கிள் சக்கரத்தையும் சேர்த்து, மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றும் மெஷின் ஒன்றை நானே கட்டினேன். இன்றைக்கும் ஓடுகிறது. எரிந்துபோன மாவு மில் மோட்டார்கள், கம்பெனிக்காரனே கைவிட்ட லிப்ட் மோட்டார், தேர்பவனி அன்று காலையில் புகைந்துபோன சர்ச் மைக் செட்டின் டிரான்ஸ்பார்மர், இத்தனைக்கும் பெங்களூர் மர்பி டவுனில் உயிர் கொடுத்தவன் நான். கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் வேலை பார்த்தவரின் மகன். பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்போடு முடித்துக்கொண்டு, ரயிலேறி பெங்களூர் வந்து, யாருடைய சிபாரிசும் இல்லாமல் சொந்தக் கடை போட்டேன். இதையெல்லாம் தராசின் ஒரு தட்டில் வைத்தால், அடுத்த தட்டில் வைக்க ஒன்றே ஒன்று இருக்கிறது. செம்புத் தகட்டை வளைத்து நான் செய்த வளையங்கள். உள்ளங்கையில் நாலைந்து அடங்கும். அந்த வளைய வரிசையில் ஓர் அலை, வெளிச்சத்தின் வேகத்தில் பறந்துபோக வேண்டியது, சந்தைக்குப் போகும் மாட்டு வண்டி மாதிரி நிதானமாக நடந்து போயிற்று. அதை நடக்க வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் டாக்டரம்மா. மற்றவன் நான்.

இன்றைக்கு அந்த வரிசை ஆராய்ச்சிக்கூடத்தின் முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பக்கத்தில் பித்தளைப் பலகை. டாக்டரம்மா பெயர் இருக்கிறது. அவருக்கு மேலே உட்கார்ந்திருந்த பெரிய புரொபசர் பெயர் இருக்கிறது. வந்து போன மாணவர்கள் பெயர்கூட இருக்கிறது. என் பெயர் இல்லை. இப்போது டாக்டரம்மாவைப் பற்றி அவருடைய மாணவர்கள் சிறப்பு மலர் ஒன்று அச்சிடுகிறார்கள். "ஐயா, உங்களுக்கு ஞாபகம் இருக்கறதை எழுதிக் குடுங்க" என்று வீடு தேடி வந்து கேட்டார்கள். எழுதுகிறேன். எதற்காக எழுதுகிறேன் என்பதையும் மறைக்கவில்லை.

டாக்டரம்மா என்றால் ஊசி போடும் டாக்டர் என்றுதான் எங்கள் தெருவில் நினைத்தார்கள். முதல்முறை அவர் ஆட்டோவில் வந்து இறங்கியபோது பக்கத்து வீட்டம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருமல் என்று ஓடிவந்துவிட்டார். டாக்டரம்மா சங்கடப்படவில்லை. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "எனக்கு மருந்து தெரியாதும்மா, நான் பௌதிகம் படிச்ச டாக்டர், ஆனா காய்ச்சல் இல்ல, அது மட்டும் தெரியறது" என்றார். பருத்திப் புடவை, கையில் துணிப்பை, கண்ணாடி மூக்கு நுனியில். மல்லேஸ்வரத்துக்காரர். தாத்தா காலத்திலேயே மைசூர் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். தமிழ் பேசிக்கொண்டே இருப்பார், நடுவில் ஒரு யோசனை வந்தால் அந்த யோசனை கன்னடத்தில்தான் வரும். எஸ்.பி. ரோடு எலெக்ட்ரிக் கடைகள் முழுக்க ஏறி இறங்கியிருக்கிறார். இத்தனை சின்ன வேலை, இத்தனை நுணுக்கம், இத்தனை குறைந்த உருப்படி என்று எல்லாரும் கைவிரித்துவிட்டார்கள். யாரோ என் கடையைச் சொல்லியிருக்கிறார்கள். முடியாது என்று நான் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

துணிப்பையிலிருந்து அவரே வளைத்த ஒரு வளையத்தை எடுத்து மேஜையில் வைத்தார். கோணல்மாணலாக இருந்தது. தகட்டின் இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடாமல், வெளிப்பக்கம் மடங்கி, வணக்கம் சொல்ல வரும் இரண்டு உள்ளங்கைகள் மாதிரி எதிரெதிரே நின்றன. நடுவில் நகம் நுழையாத இடைவெளி. "இந்த மாதிரி வரிசையா நிக்கணும் மேஸ்திரி. ஒண்ணை ஒண்ணு தொடக்கூடாது. முதல் வளையத்துல குடுத்தது கடைசி வளையத்துல வரணும்" என்றார். ஒயர் இல்லாமல் எப்படி என்று நான் கேட்பேன் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. டிரான்ஸ்பார்மர் சுற்றுகிறவனிடம் வந்து அதைச் சொன்னால்? "இதுல என்ன மேடம் இருக்கு, இந்தக் காயிலோட காந்தம் பக்கத்துக் காயிலைப் பிடிக்குது. டிரான்ஸ்பார்மர்தானே?" என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கரெக்ட். ஆனா கியூவுல நிக்கற டிரான்ஸ்பார்மர்" என்றார்.

பிறகு அவர் சொன்னதைத்தான் நான் இன்றைக்கும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு வளையமும் ஓர் ஊஞ்சல். அதற்கென்று ஓர் ஆட்டம் உண்டு. ஒரு கணம் மின்சாரம் அந்த உள்ளங்கைகளில் போய்ச் சேர்ந்து நிற்கும், மறுகணம் வளையத்தைச் சுற்றி ஓடிக் காந்தமாகும், மறுபடி உள்ளங்கைக்குத் திரும்பும். ஒன்று ஆடினால் பக்கத்தில் இருப்பது அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். அதனிடமிருந்து அடுத்தது. செம்பு காந்தம் அல்ல, எங்கள் பட்டறையில் இருக்கும் காந்தத்தில் அது ஒட்டவும் ஒட்டாது. ஆனால் இப்படி ஒரே மாதிரி வளையங்களை வரிசையில் நிறுத்தினால், மொத்த வரிசையும் தனியொரு காந்தப் பொருள் மாதிரி நடந்துகொள்ளுமாம். "இயற்கை இதைச் செய்யலை மேஸ்திரி. நாம செய்யறோம்" என்றார். அந்த வார்த்தைக்காகவே அந்த வேலையை எடுத்துக்கொண்டேன்.

அலை ஏன் மெதுவாகப் போகிறது என்பதை அவர் கணக்கில் எழுதிக் காட்டினார். எனக்குக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு மோல்ட், அதாவது கான்கிரீட் கூரை, போடும்போது ஆட்கள் வரிசையாக ஏணியில் நின்று சிமெண்ட் சட்டியைக் கைமாற்றிக் கொடுப்பார்கள் அல்லவா? தெருவில் ஒரு சட்டி தனியாகப் பறந்து போனால் ஒரு நொடி. ஆனால் ஒவ்வொருத்தனும் வாங்கி, இடுப்பைத் திருப்பி, அடுத்தவனுக்குக் கொடுத்துத்தான் மேலே போகவேண்டும் என்றால் நேரமாகும். ஆட்கள் நெருக்கமாக நின்றால் சீக்கிரம் போகும். தள்ளித் தள்ளி நின்றால் எட்டி எட்டிக் கொடுக்கவேண்டும், மெதுவாகும், வழியில் சிமெண்டும் சிந்தும். இதை நான் சொன்னதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நான் ஒரு டெர்ம் முழுக்கச் சொல்றதை நீங்க ஒரு மோல்ட்ல முடிச்சுட்டீங்க" என்றார். அதற்கப்புறம் எங்களுக்குள் பேச்சே அந்தச் சட்டியில்தான்.

அடுத்த கடை லேத் பாய்தான் வளையத்துக்கு அச்சு கடைந்து கொடுத்தார். அவருக்கு இதில் ஏகப்பட்ட கேலி. "க்யா அண்ணா, அஞ்சு குதிரைப் பவர் மோட்டார் சுத்தின கை இப்ப வளையல் சுத்துது? டாக்டரம்மா சிவாஜிநகர்ல வளையல் கடை போடறாங்களா?" என்பார். "ஆமா பாய், உன் வீட்டம்மாவுக்குத்தான் முதல் ஜோடி" என்பேன். டாக்டரம்மா முன்னாலேயே இந்தப் பேச்சு நடக்கும். ஒருநாள் அவரே, "பாய், நல்லா கடைஞ்சு குடுங்க, வளையல் கோணலா இருந்தா கஸ்டமர் திரும்ப வரமாட்டா" என்றதும் பாய் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டார்.

வளையங்கள் கண்ணுக்கு அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. ஆனால் ஆராய்ச்சிக்கூடத்து மெஷினுக்கு என் கண் போதவில்லை. ஒரு வளையத்தை வைத்தால் அந்த மெஷினின் திரையில் ஓடும் கோடு ஓரிடத்தில் பள்ளம் விழும். அந்த இடம்தான் அந்த வளையத்தின் ஆட்டம், அதன் சுருதி. எல்லா வளையத்துக்கும் பள்ளம் ஒரே இடத்தில் விழவேண்டும். எங்களுக்கோ ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். உள்ளங்கைகளுக்கு நடுவே இருக்கும் சந்து மயிரிழை மாறினால் போதும், சுருதி மாறிவிடும். நோஸ் பிளையரால் மெல்ல நெருக்குவேன். மெஷினில் சரியாக இருக்கும். கையை எடுத்துவிட்டுக் காப்பி குடித்துத் திரும்பினால் செம்பு தன் குணத்தைக் காட்டி விரிந்திருக்கும். வரிசையில் அலை முதல் சில வளையங்களுக்குள் போகும், அங்கேயே செத்துவிடும். "நாலு பேர் சட்டி வாங்கறான், அஞ்சாவது ஆள் தூங்கறான்" என்பார் டாக்டரம்மா. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் தசரா விடுமுறை முடிந்ததும் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் கமிட்டி டெல்லியிலிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். அலை கடைசி வளையம் வரை போய்ச் சேர்வதை அவர்களுக்குக் காட்டவேண்டும். அவருக்கு நிரந்தர வேலை கிடையாது. குழந்தை பெற்று வளர்த்துவிட்டு, நடுவயதில் திரும்பப் படிக்க வந்தவர். இந்த ஆராய்ச்சி இருக்கும்வரைதான் அங்கே இடம். "இது நடக்கலைன்னா எனக்கு அங்க நாற்காலி இல்ல மேஸ்திரி" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கடையில் அன்றைக்கு ஸ்பானர் முதல் ஸ்டூல் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. டாக்டரம்மாவையும் அழைத்திருந்தேன். பூஜைக்கு வந்தவர், பலகையில் அடுக்கியிருந்த வளையங்களைப் பார்த்து, "இதுக்கு இல்லையா?" என்றார். "உங்க கையால வைங்க மேடம்" என்று கிண்ணத்தை நீட்டினேன். அவர் ஒரு வரிசைக்கு வைத்தார், நான் ஒரு வரிசைக்கு வைத்தேன். எங்கே வைப்போம்? வளையத்தைப் பார்த்தால் முகம் மாதிரி இருக்கிறது, மேலே இரண்டு முனையும் கூடுகிற இடம் நெற்றி மாதிரி இருக்கிறது. நெற்றியில்தான் பொட்டு. ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம், நேராக அந்தச் சந்தில். அந்தச் சந்தில்தான் சுருதி இருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பாய் உட்பட எல்லாருக்கும் பொரி கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் தொடங்கலாம் என்று காலையிலேயே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனோம். வளையங்களைப் பொட்டோடு மேஜையில் நிறுத்தி மெஷினைப் போட்டார். முன்பு நாலு வளையமாவது தாண்டிய அலை இப்போது முதல் வளையத்துக்குள்ளேயே நுழையவில்லை. அந்த நேரம் பார்த்துப் பெரிய புரொபசர் எட்டிப் பார்த்தார். வரிசையாகக் குங்குமம் வைத்த செம்பு வளையங்கள். "ஏனம்மா இது, லேபா, தேவஸ்தானானா?" என்று கன்னடத்தில் கேட்டார். இது ஆராய்ச்சிக்கூடமா, கோயிலா என்று. அத்தோடு நில்லாமல், "கமிட்டி வரும்போது வேவ் வரலைன்னா பூசாரியைக் கூப்பிட்டு மணி அடிக்கச் சொல்லுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். டாக்டரம்மா தலை நிமிரவில்லை.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. வேஸ்ட் துணியை எடுத்து வளையங்களைத் துடைக்கப் போனேன். டாக்டரம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தொடாதீங்க மேஸ்திரி!" கோபம் என்று நினைத்தேன். கோபம் இல்லை. வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பொட்டின் அளவைப் பார்த்து, சின்னப் பொட்டிலிருந்து பெரிய பொட்டு வரை வரிசைப்படுத்தினார். பிறகு ஒவ்வொன்றாக மெஷினில் வைத்தார். பொட்டு பெரிதாகப் பெரிதாகத் திரையில் பள்ளம் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போயிற்று. "பாருங்க... பொட்டு பெருசா இருந்தா சுருதி எறங்கறது. வளையத்தை நெருக்க வேண்டாம். விரிக்க வேண்டாம். பொட்டு வெச்சாப் போதும்!" இது அவர் கண்டது. இதில் நான் பங்கு கேட்கவில்லை. அந்த அவமானத்துக்கு நடுவில் அதைப் பார்க்கும் கண் அவருக்குத்தான் இருந்தது. எனக்குத் துடைக்கத்தான் தோன்றியது.

ஆனால் மத்தியானத்துக்குள் பள்ளங்கள் மறுபடி இடம் மாறின. சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. "ஈரம் அலையைக் குடிக்கறது, காஞ்சா பொட்டு உதிரும். மாறாத பொட்டுக்கு எங்க போறது?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார். மாறாத பொட்டு என் கடை அலமாரியில் டின் டின்னாக இருக்கிறது என்று எனக்கு அந்த நிமிஷம் தோன்றியது. மோட்டார் சுற்றி முடித்ததும் அதன்மேல் வார்னிஷ் ஊற்றி, பெட்டிக்குள் வைத்து, பல்பு எரியவிட்டு அந்தச் சூட்டில் இறுக வைப்போம். அப்படி இறுகிய வார்னிஷை போர்வெல் தண்ணீர்கூட ஒன்றும் செய்யாது. "மேடம், வார்னிஷ் பொட்டு வெச்சா?" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆகலி" என்றார். ஆகட்டும் என்று. இது நான் கண்டது. இதில் யாருக்கும் பங்கு கிடையாது.

வார்னிஷ் வைப்பது தீக்குச்சியால் மை தொட்டு வைக்கிற மாதிரி லேசு என்று நினைக்கிறவர்கள் வைத்துப் பார்க்கட்டும். இறுகும்போது அது சுருங்கும், பள்ளம் கொஞ்சம் திரும்பி வரும். எவ்வளவு திரும்பும் என்பது கைக்குத்தான் தெரியும். அதனால் முதல் பொட்டைக் கொஞ்சம் குறைத்து வைத்து, சூட்டில் காய வைத்து, மெஷினில் பார்த்து, மேலே இன்னொரு பொட்டு. பொட்டால் சுருதியை இறக்கத்தான் முடியும், ஏற்ற முடியாது. ஆகவே இருப்பதிலேயே தாழ்ந்த வளையத்தைத் தலைவனாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதன் அளவுக்கு இறக்கிக் கொண்டு வருவோம் என்று டாக்டரம்மா கணக்குப் போட்டார். கணக்கு அவருடையது, கை என்னுடையது. விடுமுறை முடியும்போது ஒரு வளையமும் தூங்கவில்லை.

கமிட்டி வந்த அன்றைக்கு நானும் போனேன். அழைப்பு இல்லை, ஆனால் மேஜை ஆடினால் சரிசெய்ய ஆள் வேண்டும் என்று டாக்டரம்மா என்னை ஓரத்தில் நிற்க வைத்திருந்தார். திரையில் இரண்டு மேடுகள் தெரிந்தன. முதல் மேடு, முதல் வளையத்தில் கொடுத்தது. இரண்டாவது, கடைசி வளையத்தில் வந்து சேர்ந்தது. நடுவில் இடைவெளி. அவ்வளவு சின்ன மேஜையில் வெளிச்சத்துக்கு அந்த இடைவெளியே இருந்திருக்காது என்று கமிட்டிக்காரர்களே சொன்னார்கள். டாக்டரம்மா வளையங்களைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி நிறுத்தினார். இடைவெளி அகன்றது, இரண்டாவது மேடு குட்டையானது. என்னையறியாமல் "சட்டி சிந்துது" என்று சொல்லிவிட்டேன். கமிட்டியில் ஒரு பெரியவருக்குத் தமிழ் தெரியும். சிரித்துவிட்டு, "இந்த வார்னிஷ் யோசனை யாருது?" என்று கேட்டார். டாக்டரம்மா என் பக்கம் கையைக் காட்டி, "இவரோடது" என்றார். பெரிய புரொபசர் உடனே, "எங்க லேபோட டெக்னிக்" என்றார். இரண்டு பதிலும் அடுத்தடுத்து வந்தன. எது எழுதப்பட்டது என்று உங்களுக்கே தெரியும்.

டாக்டரம்மாவுக்கு நாற்காலி நிலைத்தது. கட்டுரை அச்சானதும் அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினார். உள்ளூர்ப் பட்டறை ஒன்றின் உதவிக்கு நன்றி என்று இருந்தது. "பட்டறைக்குப் பேர் இல்லையா மேடம்?" என்றேன். "உங்க பேரைத்தான் எழுதினேன். மேலிடத்துல அடிச்சுட்டாங்க" என்றார். "நீங்க சண்டை போடலையா?" கட்டுரையை மடித்து மேஜையில் வைத்தார். "போட்டேன். போதுமான அளவுக்குப் போடலை" என்றார். இந்த ஒரு பதிலுக்காகத்தான் நான் அவருக்கு வேலை செய்வதை நிறுத்தவில்லை. பின்னால் எத்தனையோ வரிசை செய்தோம். நிமிர்த்தி வைத்த வளையம், படுக்க வைத்த வளையம், மருத்துவமனை ஸ்கேன் மெஷினுக்கென்று உடம்பைச் சுற்றி வளைத்த வரிசை. ஒவ்வொன்றிலும் வார்னிஷ் பொட்டு உண்டு. ஒவ்வொரு கட்டுரையிலும் நன்றி உண்டு. பெயர் கிடையாது.

போன மாதம் அவரைப் பார்க்க வைட்ஃபீல்ட் போனேன். மகள் வீட்டில் இருக்கிறார். ஒரு காலத்தில் மர்பி டவுனிலிருந்து அங்கே போவதென்றால் வெளியூர்ப் பயணம், இப்போது மெட்ரோ கொண்டுபோய் விடுகிறது. வாசலில் செக்யூரிட்டி, "எந்த டெலிவரி?" என்றான். "டெலிவரி இல்லப்பா, விருந்தாளி" என்றேன். நம்பாமல் போன் போட்டுக் கேட்டான். அடுத்த நிமிஷம் டாக்டரம்மாவே கைத்தடியோடு லிப்டில் இறங்கி வந்துவிட்டார். நேராக விஷயத்துக்கு வந்தேன். பித்தளைப் பலகையைப் பற்றிக் கேட்டேன். அவர் ஏற்கெனவே ஆராய்ச்சிக்கூடத்தாரிடம் பேசியிருந்தார். "சயின்டிஸ்ட், ஸ்டூடண்ட், டெக்னிகல் ஆபீசர், இவ்வளவுதான் இருக்காம் அவங்க கிட்ட. உங்களை எதுல போடறதுன்னு கேக்கறாங்க மேஸ்திரி" என்றார். "காயில் சுத்தற வைண்டர்னு போடச் சொல்லுங்க" என்றேன். "அப்படி ஒரு வகையே இல்லையாம்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உலகத்துல இல்லாத பொருளையே செஞ்சு வெச்சோமே மேடம், பலகையில ஒரு வகை செய்ய முடியாதா?" அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்க நடந்ததை எழுதுங்க. படிச்சுப் பார்த்து, அது உண்மைதான்னு கீழ நான் கையெழுத்துப் போடறேன். இந்தத் தடவை போதுமான அளவுக்கு" என்றார்.

எழுதிவிட்டேன். டாக்டரம்மா வாசித்தார், ஒரு வார்த்தையும் மாற்றச் சொல்லவில்லை, கையெழுத்தும் போட்டுவிட்டார். மலர் போடுகிறவர்கள் இதை வெட்டாமல் போடவேண்டும். ஆராய்ச்சிக்கூடத்தார் பலகையைக் கழற்றி, டாக்டரம்மா பெயருக்குப் பக்கத்தில், கீழே அல்ல, பக்கத்தில், அதே அளவு எழுத்தில் என் பெயரைப் பொறித்து, வைண்டர் என்று போடவேண்டும். உதவி என்றும் நன்றி என்றும் போடவேண்டாம். பலகையில் இருப்பது கன்னடமும் இங்கிலீஷும். இரண்டிலும் வரவேண்டும். தமிழில் வேண்டும் என்று நான் கேட்கவில்லை, நான் செய்ததைத் தமிழில் நானே இங்கே எழுதிவிட்டேன்.